நெபுலா ஏன் அப்போது சொன்னாள்?

அவெஞ்சர்ஸ் வரிசையின் இரண்டு பெரிய படங்களும் எங்கள் பக்கத்துக்குத் தோதான நேரத்தில்தான் வந்தன. ‘இன்ஃபினிட்டி வார்’ 2018 ஏப்ரல் 27. ‘எண்ட்கேம்’ 2019 ஏப்ரல் 26. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஹாலிவுட்காரர்கள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் மண்டபம் ஊர்ப் பையன்களை நினைத்துத் தேதி குறித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் படகைக் கரையேற்றி, வலையை மடித்து வைத்துவிட்டு, வேலையும் இல்லாமல் கையில் பெரிதாகக் காசும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு மாதத்துக்குப் பேச ஒரு விஷயம் வேண்டியிருந்தது. ராமநாதபுரம் போய்ப் பார்த்தார்கள், மதுரைக்கே போய்ப் பார்த்தவர்களும் உண்டு. திரும்பி வந்து படகு நிழலில் உட்கார்ந்து ஆரம்பித்த பேச்சு இன்றுவரை முடிந்தபாடில்லை. ஒவ்வொரு தடைக்காலத்திலும் புதுசாகக் கிளம்புகிறது. 2024 ஜூலையில், எண்ட்கேமில் செத்துப்போன அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வில்லனாகத் திரும்பி வருகிறார் என்று அறிவித்தார்களா, அதிலிருந்து பழைய படங்களை எல்லாம் மறுபடி போட்டுப் பார்த்து மறுபடி சண்டை போடுகிறார்கள்.

சண்டை பெரும்பாலும் ஒரே ஒரு காட்சியைப் பற்றியது. டைட்டன் கிரகம். ஆறு மணிக் கற்களையும் ஒரு கையுறையில் சேர்த்து, ஒரே சொடக்கில் அண்டத்தின் பாதி உயிரை அழிக்கக் கிளம்பிய வில்லன் தானோஸ். அவனை மயக்கத்தில் ஆழ்த்தி மான்டிஸ் அவன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறாள். டோனி ஸ்டார்க்கும் ஸ்பைடர் மேனும் அவன் கையிலிருந்து அந்தக் கவசக் கையுறையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் கழன்றுவிட்டது. இன்னும் இரண்டு இழுப்பு, கதை முடிந்தது. அந்த நேரத்தில் ஸ்டார்-லார்ட் என்கிற பீட்டர் குவிலுக்குத் தன் காதலி கமோராவை இவன் கொன்றுவிட்டான் என்று தெரிகிறது. டோனி கெஞ்சுகிறார், கொஞ்சம் பொறு என்று. குவில் பொறுக்கவில்லை. தானோஸின் முகத்தில் அடிக்கிறான். மயக்கம் கலைகிறது. அவ்வளவுதான், அண்டசராசரத்தில் பாதி உயிர் போய்விடுகிறது.

“ஒரே ஒரு நிமிஷம் மாப்ள, ஒரு நிமிஷம் பொத்திக்கிட்டு நின்னிருந்தா அடுத்த படமே தேவையில்ல.” என் சித்தி மகன் சொல்லும் வசனம் இது. வருஷத்துக்கு எத்தனை முறை சொல்வான் என்று எனக்குக் கணக்கில்லை. அவன் கூட்டாளிகள் பாதிப் பேர் அவன் கட்சி. குவில் என்ற பெயரையே அவர்கள் சொல்வதில்லை, “அந்தக் கிறுக்கன்” என்றுதான் சொல்வார்கள். உலகம் முழுக்க இதே கதைதான் என்று தெரியும். அந்தப் படம் வந்த காலத்தில் குவிலை விட அதிகமாகத் திட்டு வாங்கிய பாத்திரம் வேறு இருந்திருக்காது. தானோஸுக்குக் கூட அவ்வளவு விழவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் கையில் வைத்திருந்த துருப்புச்சீட்டு, காலக் கல்லை வைத்திருக்கும் மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச். அவர்தான் சண்டைக்கு முன்னாலேயே 1,40,00,605 எதிர்காலங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்றில்தான் ஜெயிக்கிறோம் என்று சொன்னவர். அப்படியென்றால் குவில் அடித்ததும் அந்த ஒன்றுக்குள் அடங்கியதுதானே, அவன் அடிக்காமல் இருந்திருந்தால் தோற்றிருப்பார்களே என்பது இவர்கள் வாதம். எனக்கு இந்த வாதம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. கணக்குக்குச் சரிதான். ஆனால் இந்தச் சாவியைப் போட்டால் திறக்காத பூட்டே கிடையாது. யார் என்ன செய்தாலும் “அந்த ஒன்றில் அப்படித்தான்” என்று முடித்துவிடலாம். குவிலின் ஆத்திரமும் அழுகையும் ஸ்ட்ரேஞ்சின் பட்டியலில் ஒரு வரி என்று ஆகிவிட்டால் அப்புறம் அவனைத் திட்டவும் முடியாது, அவனுக்காக வருத்தப்படவும் முடியாது. படத்தைக் காப்பாற்றப் போய்ப் பாத்திரத்தைச் சாகடிக்கிற வேலை இது.

நான் எந்தக் கட்சியிலும் சேராமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஏச்சு விழும், விழுந்தது. எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது வேறு ஒன்று. இதை ஏன் எல்லோரும் ‘லாஜிக் ஓட்டை’ என்கிறார்கள்? காதலியைக் கொன்றவன் எதிரில் கிடக்கிறான், அடித்தான். இதில் என்ன லாஜிக் இடிக்கிறது?

ஓட்டை வேறு, கிறுக்குத்தனம் வேறு

கதை தானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அப்புறம் அதைத் தானே மீறினால் அது ஓட்டை. பாத்திரம் தன் சுபாவத்தின்படி நடந்து காரியத்தைக் கெடுத்தால் அது ஓட்டை இல்லை, அதுதான் கதை. குவில் யார்? சின்ன வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கையை நீட்டியபோது பயந்துபோய்ப் பிடிக்காமல் விட்டவன். தன் அம்மாவுக்குப் புற்றுநோய் வரவைத்ததே தன் அப்பன்தான் என்று தெரிந்த நொடியில், யோசிக்காமல் துப்பாக்கியை எடுத்து அந்த அப்பனைச் சுட்டவன். முந்தைய படத்திலேயே இதைத்தான் செய்தான். அப்போது தியேட்டரில் விசில் அடித்தவர்கள்தான் இப்போது கிறுக்கன் என்கிறார்கள். அவன் டைட்டனில் நிதானமாக நின்றிருந்தால்தான் ‘இது நம்ம குவில் இல்லையே’ என்று கேட்டிருக்க வேண்டும்.

அசல் ஓட்டைகள் இந்தப் படங்களில் இல்லாமல் இல்லை. அதில் ஒன்றை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது ஓர் ஓடாவி, படகு கட்டும் தச்சர். தடைக்காலத்தில் அவருக்குத்தான் மூச்சுவிட நேரமிருக்காது. கரையேற்றிய படகுகளில் உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை போட்டு, இடுக்கில் பஞ்சைத் திணித்து உளியால் தட்டித் தட்டி அடைத்துக்கொண்டு, கீழே உட்கார்ந்திருக்கும் பையன்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பார். படம் எதையும் பார்த்தவர் இல்லை. ஒருநாள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஏப்பா, அந்தத் தடியன் எதுக்குப் பாதிப் பேரக் கொல்றான்?”

“உலகத்துல ஆளு கூடிப்போச்சு மாமா. சாப்பாடு பத்தல. பாதிப் பேரு போனா மிச்சப் பேரு நல்லா இருப்பாய்ங்கன்னு.”

“சரி. மீன்ல?”

“என்ன மீன்ல?”

“மனுசன்ல பாதி போச்சு. மீனு, ஆடு, மாடு?”

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தில் சொல்வது எல்லா உயிர்களிலும் பாதி. எண்ட்கேமில் எல்லோரையும் திரும்பக் கொண்டுவந்ததும் ஜன்னலுக்கு வெளியே பறவைகள் வந்துவிட்டன என்று காட்டுவார்களே, அப்படியானால் பறவையும் போயிருக்கிறது. “அதுலயும் பாதிதான் மாமா” என்றான் ஒருவன். ஓடாவி உளியை எடுத்துக்கொண்டார். “திங்கிறவன்லயும் பாதி, திங்கிறதுலயும் பாதி. அப்பறம் பத்தாததுதான பத்தாம இருக்கும்? லூசுப்பய” என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

ஆறு மணிக் கற்களைத் தேடி அண்டம் முழுக்க அலைந்தவனின் மொத்தத் திட்டமும் அந்த இடத்தில் காலி. இதை எங்கள் கரையில் ஒரு ஓடாவி சுலபமாகப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்குத் தடைக்காலம் என்றால் என்னவென்று தெரியும். மீன் சினைபிடித்து முட்டையிடுகிற மாதங்களில் விசைப்படகு ஓடக்கூடாது. அதாவது பிடிக்கிறவன் நிற்க வேண்டும், மீன் நிற்கக்கூடாது. அந்த வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அது போதுமான அளவுக்கு நடக்கிறதா, எல்லைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தனிப் பஞ்சாயத்து. ஆனால் இரண்டு பக்கத்தையும் சமமாகக் குறைத்தால் ஒன்றும் ஆகாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எண்ட்கேமில் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ், ஹட்சன் ஆற்றில் திமிங்கலக் கூட்டத்தைப் பார்த்தேன், கப்பல்கள் குறைந்துவிட்டன, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்பார். அந்தத் திமிங்கலத்திலும் பாதி போய்விட்டதே ஐயா என்று கேட்க அங்கே ஓர் ஓடாவி இல்லை.

மீனை விடுங்கள், மனுஷக் கணக்கே இடிக்கிறது. 2018-ல் உலக மக்கள்தொகை ஏறக்குறைய 760 கோடி. பாதி 380 கோடி. 1970-களின் தொடக்கத்தில் உலகம் அந்த அளவில்தான் இருந்தது. இத்தனை பாடுபட்டுத் தானோஸ் பூமிக்கு வாங்கித் தந்தது ஐம்பது வருஷம் கூட இல்லாத ஒரு தவணை. இதைக் குற்றமாகச் சொல்லாமல், தானோஸ் ஒரு அரைவேக்காடு, தான் நினைத்ததே சரி என்று பிடிவாதம் பிடிக்கிறவன், அதனால்தான் வில்லன் என்று வாதாடலாம். வாதாடினார்கள். ஆனால் படத்தில் ஒருவர்கூட அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். இவ்வளவு மூளைக்காரர்கள் கூடி நிற்கிறார்கள். டோனி ஸ்டார்க் காலப்பயணத்துக்கே வழி கண்டுபிடிக்கிறார். ஒருவர்கூட “மீன்ல?” என்று கேட்கவில்லை.

இன்னொன்று, கிழட்டு ஸ்டீவ் ராஜர்ஸ். கடந்த காலத்துக்குப் போய் எதை மாற்றினாலும் நம் நிகழ்காலம் மாறாது, அது வேறு கிளையாகப் போய்விடும் என்று படமே வகுப்பெடுக்கிறது. கடைசியில் கற்களைத் திருப்பி வைக்கப் போன ஸ்டீவ், அங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தி, கிழவனாகி, ஏரிக்கரை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார். போன காலப்பயண மேடை வழியாக வரவில்லை. எப்படி வந்தார்? எழுதிய மார்கஸும் மெக்ஃபீலியும் அவர் இதே காலக்கோட்டில்தான் வாழ்ந்தார் என்றார்கள். இயக்கிய ரூஸோ சகோதரர்கள் வேறு கிளையில் வாழ்ந்துவிட்டு வந்தார் என்றார்கள். எடுத்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் அதற்குப் பெயர்தான் ஓட்டை.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. வாலி வதம் சரியா தவறா என்று பேசியே தலைமுறைகள் போயிருக்கின்றன. எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கினார். கம்பன் மேடைகளில் மெத்தப் படித்தவர்கள் செய்ததும் இதுதான்: ராமன் ஏன் மறைந்து நின்றான்? கம்பரே அந்த இடத்தில் நெருடலை உணர்ந்திருக்க வேண்டும். அம்பு பட்டுக் கிடக்கும் வாலியைக் கேள்விமேல் கேள்வி கேட்க விடுகிறார். மறைந்து நின்றதற்குப் பதிலை ராமன் வாயில் வைக்காமல் லட்சுமணன் வாயில் வைக்கிறார்: உன் தம்பி முன்னால் வந்து சரணடைந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் சரணடைந்துவிடுவாய், அதனால்தான். படம் வெளியானபின் பேட்டியில் சமாளிக்கிற வேலையைக் கம்பர் காவியத்துக்குள்ளேயே முடித்துவிட்டார். கெட்டிக்காரர்.

பெரியம்மா கேட்டது

இவ்வளவு பேசியும் குவில் விவகாரத்தில் நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சுபாவம், குணம் என்று நான் இழுத்தால், “அப்ப கிறுக்கனோட சுபாவம் கிறுக்கு, அதத்தான நாங்களும் சொல்றோம்” என்று சித்தி மகன் மடக்கிவிடுவான். எனக்கே உள்ளூர ஏதோ குறைவதாகத்தான் இருந்தது. குவிலை விடுவிக்கிற அளவுக்கு என் வாதத்தில் சத்து இல்லை.

போன தடைக்காலத்தில் சித்தி வீட்டில் டிவியில் அந்தப் படத்தைத் தமிழில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். (எண்ட்கேமுக்குத் தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். அதை வைத்து எங்களூரில் நடந்த சண்டைக்குத் தனிப் பதிவே போட வேண்டும்.) பெரியம்மா வாசல்நடையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படத்தில் அவருக்கு ஈடுபாடு ஒன்றுமில்லை. பச்சையாக ஒரு தடியன், நீலமாக ஒரு பொம்பிளை, ஊதாவாக ஒரு ராட்சசன், எப்போது பார்த்தாலும் அடிதடி என்பதுதான் அவர் அபிப்பிராயம். டைட்டன் காட்சி வந்தது. சித்தி மகன் வழக்கம்போலத் தன் வசனத்தை ஆரம்பித்தான். “பாருங்க பெரியம்மா, இந்தக் கிறுக்கனாலதான்...”

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். “அவன் பொண்டாட்டியா செத்தது?”

“கட்டிக்கப் போறவ.”

“கையில அவ்வளவு பெரிய வேலைய வச்சுக்கிட்டு நிக்கிறப்ப அவன்கிட்ட எவடா அதச் சொன்னது?”

நான் ரிமோட்டை வாங்கிக் காட்சியைப் பின்னால் தள்ளினேன். கமோரா எங்கே என்று குவில்தான் கேட்கிறான். மயக்கத்தில் தானோஸ் “என் கமோரா” என்று முனகுகிறான். இவன் வேதனையில் இருக்கிறான், துக்கப்படுகிறான் என்கிறாள் மான்டிஸ். இந்த ராட்சசனுக்கு என்ன துக்கம் என்று ட்ராக்ஸ் கேட்கிறான். கமோராவின் தங்கை நெபுலா சொல்கிறாள்: கமோரா. வோர்மிர் கிரகத்துக்கு அவளைக் கூட்டிப் போனான், கல்லோடு திரும்பி வந்தான், அவள் திரும்பவில்லை. எத்தனையோ முறை பார்த்த காட்சி. ஒவ்வொரு முறையும் என் கண் குவிலின் முகத்திலும் கையுறையிலும்தான் இருந்திருக்கிறது. வாயைத் திறந்தவர்களை நான் பார்த்ததே இல்லை.

பெரியம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, பெரியப்பாவின் அப்பா இறந்த நாளைச் சொன்னார். பெரியப்பா அப்போது கேரளாப் பக்கம் தங்குகடல் படகில் போயிருந்தார். வயர்லெஸ்ஸில் செய்தி படகுக்குப் போனது. எடுத்தது படகு டிரைவர். நம் ஊர் வழக்கப்படி, இங்கிருந்து சொன்னவர்களும் செத்துவிட்டார் என்று சொல்லவில்லை. “கொஞ்சம் சீரியஸா இருக்கு, ஆளை அனுப்பி விடுங்க” என்றுதான் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று டிரைவருக்குத் தெரியாதா? அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. வலை தண்ணீரில் கிடக்கிறது. ஏற்ற வேண்டும். வலையை இழுக்கும் வின்ச் ஓடும்போது கயிறு போகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவன் நின்றால் அவன் கை போகும், இல்லை பக்கத்தில் நிற்பவன் கை போகும். “இஞ்சின்ல சத்தம் வேற மாதிரி வருது, வலைய ஏத்துங்க, கரைக்குப் போயிப் பாத்துருவோம்” என்று சொல்லிப் படகைத் திருப்பினாராம். துறைமுகத்தில் படகைக் கட்டி, இஞ்சினை அணைத்து, ஒரு டீயும் வாங்கிக் குடிக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் தோளில் கைபோட்டு, “அப்பாவுக்கு முடியலையாம்ப்பா, நீ கெளம்பு” என்றார். அப்போதும் முழுசாகச் சொல்லவில்லை. பெரியப்பா பஸ்ஸில் வரும் வழியில் தானாகத்தான் புரிந்துகொண்டார்.

“உங்க பெரியப்பாவும் கோவக்காரருதான்” என்றார் பெரியம்மா. “அந்த மனுசன் நடுக்கடல்ல சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பாதி ஏறுன வலைய அப்படியே வெட்டி விட்டுட்டு வான்னு நின்னிருப்பாரு. அப்ப யாரைக் கிறுக்கன்னு சொல்லுவீங்க?”

பாதி ஏறிய வலை, பாதி கழன்ற கையுறை. சித்தி மகன் வாயை மூடிக்கொண்டு டிவியைப் பார்த்தான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அபூர்வம்.

கடைசியாகக் கை வைத்தவன்

அன்றைக்கு ராத்திரி முழுப் படத்தையும் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன், குவிலை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும். லோகி தன் அண்ணன் தோரின் உயிருக்காக கல் அடங்கிய டெஸராக்டைத் தூக்கிக் கொடுக்கிறான். ஒரு கல் போனது. தன் தங்கை நெபுலாவைச் சித்திரவதை செய்வதைப் பார்க்க முடியாமல் ஆன்மாக் கல் இருக்கும் இடத்தைக் கமோரா சொல்லிவிடுகிறாள். இன்னொரு கல் போனது. கல்லா உங்கள் உயிரா என்று வந்தால் கல்லைத்தான் காப்பாற்றுவேன் என்று முன்னாலேயே டோனியிடம் கறாராகச் சொன்ன ஸ்ட்ரேஞ்ச், கடைசியில் அதே டோனியின் உயிருக்காகக் காலக் கல்லைக் கொடுக்கிறார். அதற்குக் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோர் கோடரியை நெஞ்சில் இறக்குகிறான். தலையில் இறக்கியிருக்க வேண்டும் என்று தானோஸே சொல்லிக் காட்டுகிறான். ஆளாளுக்கு ஒரு கை வைத்துத்தான் அந்தச் சொடக்கு விழுந்தது. லோகியை யாரும் கிறுக்கன் என்று சொல்லவில்லை, பாசக்காரன் என்றார்கள். கமோராவுக்காக அழுதார்கள்.

குவிலோ, எனக்கு நினைவில் இல்லாமலே போன ஒரு காட்சியில், சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். தானோஸ் கையில் சிக்கினால் என்னைக் கொன்றுவிடு என்று கமோரா அவனிடம் சத்தியம் வாங்குகிறாள். சிக்குகிறாள். குவில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நடுங்குகிறான், அழுகிறான், ஆனால் விசையை அழுத்துகிறான். வெளியே வந்தது குண்டு இல்லை, நீர்க்குமிழி. தானோஸ் கையிலிருந்த இன்னொரு கல் செய்த வேலை. காதலியைவிட அண்டம் பெரிது என்று முடிவெடுத்துச் செயலிலும் காட்டியவன் அவன். அவளைத் தன் கையாலேயே சுடத் துணிந்த அன்றைக்கே, அவளை வேறொருவன் கொன்றுவிட்டான் என்று பாதி வேலையில் காதில் விழுகிறது. இதற்கப்புறம் அவனைக் கிறுக்கன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கடைசியாகக் கை வைத்தவன் மேல் எல்லாவற்றையும் போட்டுவிடுவது சௌகரியம். எங்கள் கரையில் இதை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன். எல்லை தாண்டிப் போனதாகப் படகு பிடிபட்டு, ஆட்கள் அந்தப் பக்கம் சிறையில் இருக்கும்போது, பெட்டிக்கடை வாசலில் பேச்சு எப்படிப் போகும் தெரியுமா? “ஜிபிஎஸ் இருக்குல்ல? அவனுக்குக் கண்ணு தெரியாதா? எதுக்குப் போனான்?” தொலைக்காட்சி விவாதங்களிலும் அதே கேள்விதான், கொஞ்சம் நாகரிகமான சட்டை போட்டுக்கொண்டு வரும். வீல் பிடித்த டிரைவர்தான் கிறுக்கன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் 1974-லும் 1976-லும் ஒப்பந்தம் போட்டுக் கிழித்த கோடு. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகுக்கு, மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூன்று நாளில் டீசல் காசு எடுக்க வேண்டும், ஐஸ் காசு எடுக்க வேண்டும், படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் கழிய வேண்டும், அதற்கு மேல் மிஞ்சினால்தான் பங்கு. கரையோரம் இழுத்து இழுத்து ஒன்றுமில்லாமல் போனதில் எல்லோர் வலைக்கும் பங்கிருக்கிறது. கோட்டைத் தாண்டுவது தப்புதான், அந்தப் பக்கத்து மீனவனுக்கும் வயிறு இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் டிரைவர் வீலைத் திருப்புவதற்கு முன்னால் எத்தனை பேர் அந்த வீலைத் திருப்பினார்கள் என்று பெட்டிக்கடையில் யாரும் கேட்டதில்லை. பிடிபட்டவர்களில் பெரியம்மாவின் மகனும் ஒருமுறை இருந்தான். திரும்பி வந்துவிட்டான், படகு வரவில்லை. அதனால்தான் அவருக்கு “எவடா சொன்னது” என்று கேட்கத் தோன்றியதா என்று எனக்குள் ஓடியது. அவரிடம் கேட்கவில்லை.

ரசிகர் சண்டைகளில் எனக்கு இப்போது சலிப்பாக இருப்பது இதுதான். ஓட்டை கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் படம் உடைகிற நிமிஷத்தில்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்ப்பதில்லை. தள்ளினால் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் போய்விடும் என்ற பயமோ என்னவோ.

மறுநாள் படகு நிழலில் பஞ்சாயத்து மறுபடி கூடியது. சித்தி மகன் இரவோடு இரவாகக் கட்சி மாறியிருந்தான். கிறுக்கன் இப்போது நெபுலா. “எல்லாம் அந்த நீலப் பொம்பிளைதான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். டிரைவர் எப்படி இருந்தாரு!” என்று பெரியப்பா கதையையும் சேர்த்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குறுக்கே போனேன். நெபுலா செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்துச் சொன்னவள் இல்லையே. அவளுக்கே அந்த நிமிஷத்தில்தான் விளங்குகிறது. தானோஸ் முனகுவதை வைத்து அவளாகக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். செத்தது அவளுடைய அக்கா. அதுவும் எப்படிப்பட்ட அக்கா? சின்ன வயதில் இரண்டு பேரையும் மோதவிட்டு, தோற்கும்போதெல்லாம் நெபுலாவின் உடம்பில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இரும்பை வைத்தான் தானோஸ். அக்காவை வெறுத்தே வளர்ந்து, சமீபத்தில்தான் சமாதானம் ஆகியிருந்தவள். அந்த அக்காதான் இவளைக் காப்பாற்றப் போய் இடத்தைச் சொன்னாள், அந்த இடத்திலேயே செத்தாள். டிரைவருக்குச் செத்தது வேறு வீட்டு ஆள், அதனால் வாயை மூடிக்கொள்ள முடிந்தது. இவளை எப்படி மூடச் சொல்வாய்?

ஓடாவி மேலே படகிலிருந்து எட்டிப் பார்த்தார். “அப்ப அந்தப் புள்ளைய அப்படி ஆக்குனது யாரு?”

“தானோஸ்தான் மாமா.”

“அவன்தான வில்லன்?”

“ஆமா.”

“வில்லன்தான் தப்புன்னு கண்டுபிடிக்கவாடா இத்தன வருசம் பேசுனீங்க?” என்று சொல்லிவிட்டு, பஞ்சு தீர்ந்துவிட்டது, எவனாவது போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். சித்தி மகன்தான் போனான். போகும்போதே திரும்பிக் கத்தினான்: “ஆனா மான்டிஸும் சும்மா இருந்திருக்கலாம் மாமா!”